சேட்டுப் படம்

கரையான்சாவடி மெயின் ரோட்டில், அரிசிக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே குறுகலான மாடிப்படி ஒன்று இருந்தது. அதில் ஏறினால் நான் வேலை பார்த்த ஸ்டூடியோ. முன்னால் படங்களுக்குப் பிரேம் போடும் மேஜை, நடுவில் படம் எடுக்கும் அறை, கடைசியில் ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய டார்க் ரூம். அந்த ஒரு ஆள் நான்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் என் பகல்களில் பாதி அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் கழிந்தது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். படிப்பு நின்றதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆட்களிடம் பேசுவதுதான் கஷ்டம். யாராவது முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். டார்க் ரூமில் அந்தத் தொல்லை இல்லை. தட்டில் மிதக்கும் வெள்ளைப் பேப்பரில் ஒரு முகம் மெதுவாக எழுந்து வரும். அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

எத்தனை முகங்கள்! ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தொழிற்சாலைக்காரர்கள் மனைவி, பிள்ளைகளோடு வருவார்கள். சொந்த ஊருக்கு அனுப்ப ஒரு குடும்பப் படம். சர்ச்சில் முதல் முறையாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகள் வெள்ளை உடையில், கையில் மெழுகுவர்த்தியோடு வரிசையாகப் படியில் நிற்பார்கள். கீழே அரிசிக் கடையில் புடைக்கும் தவிடு மேலே பறந்து வந்து அந்த வெள்ளை உடைகளில் ஒட்டும். அம்மாக்கள் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். நெகட்டிவுக்கு இரண்டு பக்கம் உண்டு, ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். மங்கலான பக்கம் பேப்பரைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இடது வலதாகிவிடும். வானகரத்துக் கல்யாணம் ஒன்றின் ரோல் முழுவதையும் நான் மாற்றிப் போட்டுவிட்டேன். பெண்ணின் அப்பா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

“இன்னா நைனா இது? எம் பொண்ண சேட்டு ஊட்டுப் பொண்ணா ஆக்கிட்டியே! முந்தானை எந்தத் தோள்ல கீது பாரு!”

எங்கள் பக்கத்தில் சேட்டு என்றால் அடகுக் கடை வைத்திருக்கும் வடநாட்டுக்காரர். அவர்கள் வீட்டுப் பெண்கள் முந்தானையை வலது தோளில் போடுவார்கள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அத்தனையையும் மறுபடி போட்டுக் கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் கடையில் இடவலம் மாறிய படத்துக்குச் சேட்டு என்றும், சரியாக வந்த படத்துக்கு நம்பாள் என்றும் பெயர் வந்துவிட்டது. நான் பிரிண்டுகளோடு வெளியே வரும்போதெல்லாம் முதலாளி நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்பார்.

“சேட்டா, நம்பாளா?”

“நம்பாளு.”

நாள் முழுக்க நான் பேசிய வார்த்தை சில சமயம் அது ஒன்றுதான். தவறு திரும்ப வராமலிருக்க ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பெண்கள் படமென்றால் முந்தானையைப் பார்ப்பேன். ஆண்கள் படமென்றால் சட்டைப் பாக்கெட்டைப் பார்ப்பேன். பாக்கெட் இடது நெஞ்சில்தான் இருக்கும்.

இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் அப்போது எங்கள் பக்கத்தில் அங்கங்கே வாடகைக்கு இருந்தன. வேலப்பன்சாவடியில் ஒரு போர்ஷனில் இருந்த பெரியவர் ஒருவர், தனக்கும் மகளுக்கும் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தார். மகள் என்ன செய்கிறாள் என்று முதலாளி கேட்டார்.

“அவ சேட்டுத் தைக்கிறா” என்றார் பெரியவர்.

“சேட்டுக்கா? எந்த சேட்டுக்கு, மார்க்கெட்டாண்ட அடகுக் கடை வச்சிகினு கீறானே, அவனுக்கா?”

“ஐயோ, ஆளுக்கு இல்லை. இது போடுற சேட்டு!” என்று பெரியவர் தன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

அவர்கள் ஊரில் சட்டைக்குச் சேட்டு என்று பெயர். முதலாளி மேஜையைத் தட்டிச் சிரித்தார். எங்கள் கடையின் சேட்டுக் கதையையும் எடுத்துச் சொன்னார். பெரியவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பக்கத்தில் நின்ற மகள் மட்டும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவள் தையல் வேலை பார்த்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள், அதனால் எனக்கு அக்கா.

அதன் பிறகு பெரியவர் தினமும் பதினோரு மணிக்குப் படியேறி வருவார். முதலாளியின் பேப்பரைக் கடைசி வரி வரை படிப்பார். ஊரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்து வேலை பார்த்தவர். அலுவலகத்தைக் கந்தோர் என்பார். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவரும் லீவு நாட்களில் வருவார். ரேடியோ சொன்னதை அப்படியே நம்புகிறவர் அவர். பேப்பரில் அச்சான எதையும் நம்பாதவர் பெரியவர். இருவரும் பேச ஆரம்பித்தால் நான் டார்க் ரூம் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு கேட்பேன்.

பெரியவருக்கு ஒரு மகனும் இருந்தான், அக்காவுக்கு இளையவன். இலங்கையில் இருந்த பல இயக்கங்களில் ஒன்றில் சேர்ந்துவிட்டான். அந்த இயக்கத்தின் தலைவரைப் பேப்பர்கள் பயங்கரவாதி என்று எழுதின. பெரியவருக்கு அந்தத் தலைவர் மேல் மரியாதை எதுவும் இல்லை. “என்ர பெடியனைக் கூட்டிக்கொண்டு போன கள்ளன்” என்றுதான் சொல்வார். ஒரு முறை மகனின் கடிதத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினார். நான்தான் பெரியவருக்கு வாகனம் ஓட்டுகிறேன், அவர் எங்கே போனாலும் நான்தான் கூட்டிப்போகிறேன், கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தது. தலைவரை அவன் பெரியவர் என்று எழுதியதில் எங்கள் பெரியவருக்கு ஒரு கோபம்.

ஒரு நாள் காலை தொழிற்சாலைக்காரர் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார். கையில் பேப்பர்.

“தலைவரு போயிட்டாராம்லா! ராத்திரியே ரேடியோவுல சொல்லிட்டான். இன்னைக்குப் படமே போட்டுட்டான், பாரும்.”

முதலாளி அவரைக் கண்ணால் அடக்கினார். பெரியவர் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேப்பரை வாங்கினார். தலைவர் போன வாகனம் வெடித்தது, உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள், மூன்று உடல்களை அடையாளம் காண முடியவில்லை என்று அந்த நாட்டு அரசாங்கம் சொல்லியிருந்தது. படத்தில் ஒருவர் தரையில் மல்லாந்து கிடந்தார். முகமும் நெஞ்சும் தெரிந்தன.

தலைவர் இறந்திருந்தால் ஓட்டியவன் என்ன ஆனான் என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பெரியவர் படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து இயக்கத்தின் நோட்டீஸ் ஒன்றை எடுத்தார். அதில் அதே தலைவரின் பழைய படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“மச்சம் எங்க கிடக்கு, பாருங்கோ.”

நோட்டீஸில் தலைவரின் வலது கன்னத்தில் ஒரு பெரிய மச்சம். பேப்பரில் அது இடது கன்னத்தில் இருந்தது.

“யோவ், ரேடியோவுல சொல்லியாச்சுங்கேன். கவர்மெண்டு பொய் சொல்லுமா?” என்றார் தொழிற்சாலைக்காரர், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

“நான் முப்பது வருசம் கவுண்மேந்துக் கடுதாசி எழுதினவன். அதில என்னவெல்லாம் எழுதலாம் எண்டு எனக்குத் தெரியும். ஆரோ ஒருத்தனைக் காட்டி இவன்தான் அவன் எண்டு சொல்லினம். மச்சம் கன்னம் விட்டுக் கன்னம் நடந்து போகுமே?” என்று பெரியவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, இந்த ரெண்டையும் பெரிசாக்கித் தாங்கோ. மச்சம் வடிவாத் தெரியவேணும்.”

இரண்டையும் பலகையில் குத்தி, இரு பக்கமும் விளக்குப் போட்டுக் காப்பி எடுத்தேன். நெகட்டிவைக் கழுவிக் காயவைத்து, எப்போதும் போல முதலில் பாக்கெட்டைத் தேடினேன்.

நோட்டீஸ் படத்தில் பாக்கெட் இடது பக்கம். பேப்பர் படத்தில் பாக்கெட் வலது பக்கம்.

பேப்பர் அச்சடித்த இடத்தில் என்னைப் போல் எவனோ நெகட்டிவை மாற்றிப் போட்டிருக்கிறான். சந்தேகம் தீர, அந்த நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். பாக்கெட் இடது நெஞ்சுக்கு வந்தது. மச்சம் வலது கன்னத்துக்கு வந்தது. தட்டில் மிதந்துகொண்டிருந்தவர் அந்தத் தலைவர்தான். வேறு யாரும் இல்லை.

வெளியே பெரியவர் இருமுவது கேட்டது. கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மனசுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் உங்கள் மகன் உயிரோடு இல்லை என்றுதான் வந்து முடிந்தது. திருப்பி எடுத்த பிரிண்டைக் கிழித்து ஹைப்போ மருந்து வாளியில் போட்டேன். பேப்பரில் இருந்தபடியே மறுபடி ஒன்று எடுத்தேன். முகம் மட்டும் வரும்படி பெரிதாக்கினேன். கழுத்துக்குக் கீழே எதுவும் வரவில்லை.

ஈரம் காய்ந்ததும் வெளியே கொண்டுவந்தேன். முதலாளி வழக்கம் போல் கேட்டார்.

“சேட்டா, நம்பாளா?”

“நம்பாளு” என்றேன்.

மச்சம் புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தது. பெரியவர் அந்த இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு போகாத இடமில்லை. டீக்கடையில் காட்டினார், சலூனில் காட்டினார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் காட்டினார். ஒரு வாரத்தில் கரையான்சாவடி முழுவதும் தலைவர் சாகவில்லை என்று நம்பியது. “போட்டோக் கடையிலயே பெருசாக்கிப் பார்த்துட்டாங்களாம்ப்பா” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னபோது நான் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். தொழிற்சாலைக்காரர்கூட, “மச்சம் மாறுதுன்னா அதுல என்னமோ இருக்குவே” என்று ஒத்துக்கொண்டார். தலைவரைக் கள்ளன் என்று திட்டிய மனுஷன் அவர் உயிரோடிருக்கிறார் என்று ஊர் முழுக்க வாதாடினார்.

அந்த அரசாங்கம் பிறகும் இரண்டொரு முறை அறிக்கை விட்டது. பெரியவர் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுப் பேப்பரை நாலாக மடித்து முதலாளியிடம் நீட்டுவார். “நல்லா எழுதியிருக்கினம். என்ர கந்தோரில இருந்திருந்தா பதவி உயர்வு குடுத்திருப்பன்” என்பார்.

காலம் இப்படியே போயிருந்தால் நான் மறந்திருப்பேன். ஆனால் அக்காவின் சித்தி ஒருத்தி கனடாவில் இருந்தாள். இரண்டு பேரையும் அங்கே கூப்பிட்டுக்கொள்வதாகக் கடிதம் போட்டாள். அக்காவுக்கு அங்கே ஒரு மாப்பிள்ளையும் பார்த்திருந்தாள். வருடம் கழிந்துவிட்டது, பிள்ளைக்குச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்துவிட்டுப் புறப்படுங்கள் என்று எழுதியிருந்தாள். பெரியவர் கடிதத்தை எங்கள் முன்னாலேயே கிழித்தார்.

“உயிரோட இருக்கிற பெடியனுக்குக் காரியம் செய்யச் சொல்றா. அவன் வந்தா இந்த விலாசத்துக்குத்தானே வருவான்? நாங்கள் கனடாவில போய்க் குந்தியிருந்தா அவன் ஆரிட்டக் கேக்கிறது?”

முதலாளி மெதுவாக, “பொண்ணுக்கு வயசாவுது பெரியவரே” என்றார். பெரியவர் பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

அந்த வருடங்களில் எத்தனையோ முறை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பெரியவர் படியேறி வரும் சத்தம் கேட்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கும். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, “தம்பி, சுகமே?” என்று கேட்டதும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். எனக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. அக்கா அதே கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் நிலைமை மாறி, இலங்கைக்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. பெரியவர் வீட்டுக்காரரின் கையைக் காலைப் பிடித்து அதே போர்ஷனில் இருந்தார். விலாசம் மாறக் கூடாது என்பதுதான் காரணம். கம்பெனி பஸ்ஸில் அக்காவின் முகம் ஜன்னலில் தெரியும் காலைகளிலெல்லாம் நான் சைக்கிளை வேறு சந்துக்குத் திருப்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் பெரியவர் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அக்கா தனியாகக் கடைக்கு வந்தாள். முதலாளி கீழே டீ குடிக்கப் போயிருந்தார். நான் பிரேம் மேஜையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஓட வழியில்லை.

அவள் பெரியவரின் படத்தைக் கொடுத்தாள். நாங்கள் எடுத்த அதே பாஸ்போர்ட் சைஸ் படம். பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, தோற்றம், மறைவு எழுதி, பிரேமுக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் வைக்கச் சொன்னாள். இறந்தவர்கள் படத்துக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வோம். பிறகு இன்னொரு படத்தை எடுத்தாள். வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் வேலியோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

“இவனுக்கும் அதே அளவில போடுங்கோ. அந்தச் சேட்டு நான் தைச்சது.”

நான் வழக்கப்படி பாக்கெட்டைப் பார்த்தேன். இடது பக்கம். நிமிர்ந்தபோது அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, அண்டைக்குப் பேப்பரில வந்த படம் சேட்டுத்தானே?”

எங்கள் கடை வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. இத்தனை வருடம் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்தது.

“சேட்டுதான் அக்கா.”

“தெரியும். ஒரு நாளைக்கு நூறு சேட்டுக்குப் பொக்கற் தைக்கிறனான். வலப்பக்கம் பொக்கற் வைச்சா சூப்பவைசர் மூஞ்சியில எறிவான். பேப்பரைப் பார்த்த உடனயே தெரிஞ்சிட்டுது. நீங்கள் பெரிசாக்கின படத்தை அப்பா கொண்டு வந்தபோது, கழுத்தோட வெட்டியிருந்ததைக் கண்டன். இந்தத் தம்பிக்கும் தெரியும், சொல்லேலாமல் வெட்டியிருக்கு எண்டு நினைச்சன்.”

“நான் சொல்லியிருந்தா நீங்க கனடா போயிருப்பீங்க” என்றேன். அவளிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

“நானும்தானே சொல்லேல்லை? நீங்கள் ஏன் உங்கட தலையில போடுறீங்கள்?” என்று கொஞ்சம் அதட்டலாகச் சொன்னாள். பிறகு பையிலிருந்து மஞ்சளாகிப்போன பேப்பர்த் துண்டு ஒன்றை எடுத்தாள். “அப்பாவின்ர பெட்டியில இருந்தது. பாருங்கோ.”

அதே படம். நெஞ்சுப் பகுதி பின்னால் மடிக்கப்பட்டிருந்தது. பல வருடம் அப்படியே கிடந்ததால் மடிப்பு கிழியும் நிலையில் இருந்தது. பாக்கெட் மடிப்புக்குப் பின்னால் இருந்தது.

“பெட்டிக்கு அளவா மடிச்சவரோ, இல்லாட்டி அவருக்கும் தெரியுமோ, ஆருக்குத் தெரியும்” என்றாள்.

அவள் பெஞ்சில் காத்திருக்க, இரண்டு படங்களையும் பெரிதாக்கிக் கொண்டுவந்தேன். பெரியவரின் பிரேமுக்கு அடியில் துளை போட்டு ஹோல்டர் வைத்தேன். மகனின் பிரேமைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். இதற்கும் பல்ப் வைக்கவா என்று எனக்குக் கேட்க வரவில்லை. அவளுக்குப் புரிந்தது.

“தலைவர் செத்தது உண்மைதான். அண்டைக்கு வாகனத்தை ஆர் ஓட்டினது எண்டு ஒரு பேப்பரிலயும் வரேல்லை, தம்பி.” மேஜையில் கிடந்த தவிட்டுத் தூசியைக் கையால் ஒதுக்கினாள். “ஹோல்டரையும் வயரையும் வையுங்கோ. பல்ப் இப்ப வேண்டாம்.”

தோற்றம் என்று தேதி எழுதி, மறைவுக்கு இடம் விட்டேன். ஹோல்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பல்பைப் போட்டு எரியவிட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினேன். பஞ்சில் சுற்றி அவள் பைக்குள் வைத்தேன். அவள் அதை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“கடையில இருக்கட்டும். தேவையெண்டா வந்து வாங்குறன்.”

இரண்டு மாதத்தில் அவள் கனடாவுக்குப் போய்விட்டாள். போகும்போது வீட்டுக்காரரிடம் புது விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். எங்கள் முதலாளியிடமும் ஒன்று கொடுத்தாள். யாராவது வந்து கேட்டால் சொல்ல வேண்டும் என்று அவர் அதைக் கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டி வைத்திருந்தார். யாரும் வந்து கேட்கவில்லை.

பிறகு எங்கள் கடைக்கும் கலர் வந்தது. பிலிமை லேபுக்கு அனுப்ப ஆரம்பித்ததும் டார்க் ரூமுக்கு வேலையில்லாமல் போனது. ஒரு நாள் அதைக் காலி செய்து சாமான் போடும் அறையாக்கினோம். தட்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டோம். முதலாளி கதவருகே நின்று, “எத்தினி சேட்டு இங்க பொறந்துச்சு” என்று சொல்லிச் சிரித்தார். நான் மேஜை டிராயரைத் துடைத்தபோது பஞ்சுக்குள் அந்த பல்ப் கிடைத்தது. சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போதும் வீட்டில் ஆணி டப்பாவில் இருக்கிறது. அது இன்னும் எரியுமா என்று நான் போட்டுப் பார்த்ததில்லை.